மாடிவீட்டில் ஒரு வானொலி நிலையம்: சட்டம் என்ன சொல்கிறது?

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. அக்காலத்தில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னிலேயே நாம் வானொலி கேட்டோம். ஓர் இளைஞர் சுழற்றுவார். அயலவர் பத்துப் பேர் சூழ்ந்திருப்பர். பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பும் அவ்வாறே எமது முற்றங்களை வந்தடைந்தன. சுழற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும்.

அந்த நினைவை அண்மையில் மீட்டுத் தந்தவர், ஸ்காபரோவில் எமது மாடிக்கட்டடத்தில் வசிக்கும் ஓர் இளைஞர். ஊரில் என்னிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவரின் மகன். ஒருநாள் மாலை சிறிய அட்டைப்பெட்டி ஒன்றுடன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தது கைக்கு அடக்கமான எவ்.எம். ஒலிபரப்பும் கருவி. இணையத்தில் வாங்கியதாகச் சொன்னார்.

"மாஸ்ரர், எங்கட கட்டடத்தில எத்தனையோ அம்மம்மாமார் தனிய இருக்கினம். அவைக்குத் தேவாரம், செய்தி, மரண அறிவித்தல் எல்லாம் போடலாம். இதைப் பூட்டினால் ஏதும் பிரச்சினை வருமோ?"

அவருடைய நோக்கம் நல்லதென்பதில் எனக்கு ஐயமில்லை. 2003 ஆகஸ்ட் 14ஆம் நாள் ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் இருளில் மூழ்கியபோது, பற்றரி வானொலியில் வந்த ஆங்கிலச் செய்தியை மாடிப்படியில் நின்று முதியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான். தம் மொழியில் ஒரு குரல் கேளாதவர்களின் தவிப்பை அன்று கண்டேன். ஆயினும் "பிரச்சினை வருமோ?" என்ற வினாவுக்கு நல்ல நோக்கம் மட்டும் விடையாகாது. ஆகவே, "தம்பி, ஒரு கிழமை பொறும். இதை இன்னும் பூட்டவேண்டாம்" என்று கூறிவிட்டு, சட்டத்தைத் தேடிப் படித்தேன். அறிந்தவற்றை, இத்தகைய ஆசை கொண்ட பிள்ளைகள் உள்ள ஏனைய குடும்பங்களுக்கும் பயன்படுமென்று இங்கு தருகிறேன்.

வானலைக்கு ஏன் அனுமதி?

பத்திரிகை அச்சிட அனுமதி வேண்டியதில்லை. ஒலிபரப்ப மட்டும் ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். காகிதம் எவ்வளவும் கிடைக்கும், வானலை அவ்வாறன்று. எவ்.எம். ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையிலான வெளி. அதில் 0.2 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் 100 இடங்களே உண்டு. அருகருகே இரு நிலையங்களை வைத்தால் ஒன்றை மற்றொன்று குழப்பும். ரொறன்ரோவுக்கு நேரெதிரே, வாவியின் மறுகரையில் பஃபலோ நகரத்து நிலையங்களும் உள்ளன. ஆகவே இந்நகரில் வெறுமையான இடம் கிடைப்பது மிக அரிது.

இந்நெருக்கடியை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 88.1 என்ற இடத்தில் சி.கே.எல்.என். என்னும் பல்கலைக்கழக வளாக வானொலி 1983 முதல் இயங்கிவந்தது. நிர்வாகப் பூசல்களும் விதிமீறல்களும் மலிந்தமையால் அதன் அனுமதி 2011இல் இரத்துச் செய்யப்பட்டது. வெறுமையான அந்த ஒரே இடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2012இல் ஒருவருக்குக் கிடைத்தது. ஏனையோர் வெறுங்கையுடன் திரும்பினர்.

இன்னுமொரு காரணம் இதைவிட முக்கியமானது. எவ்.எம். வெளி முடியும் 108 மெகாஹேர்ட்ஸிலேயே விமானப் போக்குவரத்துக்குரிய வெளி தொடங்குகிறது. விமானம் தரையிறங்க வழிகாட்டும் கருவிகளும், விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும் அலைகளும் அங்கேதான் உள்ளன. மலிவான ஒலிபரப்பும் கருவிகள் தமக்குக் குறித்த இடத்தில் மட்டும் நில்லாது, அருகிலுள்ள இடங்களிலும் வேண்டாத அலைகளைச் சிந்தும். பியர்சன் விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் பல எமது கூரைகளின் மேலாகவே பறக்கின்றன. அம்மம்மாவுக்குத் தேவாரம் ஒலிக்கச் செய்யும் பெட்டி, மேலே பறக்கும் விமானியின் காதில் இரைச்சலாக விழக்கூடும் என்பதை அந்தத் தம்பி எண்ணியிருக்கவில்லை. அதுவரை நானும் எண்ணியதில்லை.

இரண்டு வாசல்கள்

கனடாவில் ஒலிபரப்ப விரும்புபவர் இரண்டு வாசல்களைக் கடக்கவேண்டும். ஒன்று சி.ஆர்.ரி.சி. எனப்படும் கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணைக்குழு. 1968இல் தோன்றிய இவ்வாணைக்குழு, 1991ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டத்தின்கீழ், யார் எதை ஒலிபரப்பலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றையது முன்னர் கைத்தொழில் அமைச்சு எனவும், 2015இன் பின் புத்தாக்க, விஞ்ஞான, பொருளாதார அபிவிருத்தி அமைச்சு எனவும் வழங்கும் அமைச்சு. வானொலித் தொடர்புச் சட்டத்தின்கீழ், எந்தக் கருவி, எந்த இடத்தில், எவ்வளவு வலுவில் என்பவற்றை அது பார்க்கிறது. அமைச்சின் தொழில்நுட்பச் சான்றிதழ் இல்லாமல் ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் வழங்கமுடியாது.

அகதிகளாக வந்த எமக்கு இன்னொரு விதியும் முக்கியமானது. கனடியர் அல்லாதோருக்கு ஒலிபரப்பு அனுமதி வழங்கலாகாது. இங்கு கனடியர் என்பது குடியுரிமை பெற்றவரை மட்டும் குறிப்பதன்று. நிரந்தர வதிவிட உரிமை பெற்று இங்கு வாழ்பவரும் அதில் அடங்குவர். ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்து ஓராண்டுக்கு மேற்படாதவராக இருக்கவேண்டும். கம்பனியாயின் வாக்குரிமைப் பங்குகளில் 80 வீதம் கனடியர் கையில் இருக்கவேண்டும். அகதிக் கோரிக்கை விசாரணையில் உள்ள ஒருவர் தம் பெயரில் நிலையம் தொடங்க இயலாது. குடியுரிமைப் படிவத்தை ஆண்டுக்கணக்கில் மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கும் எம்மவர் சிலர் இதைக் கவனிப்பது நன்று.

குறைவலு என்பது எவ்வளவு?

"சின்ன நிலையம்தானே" என்ற சொல் எம்மவர் வாயில் அடிக்கடி வருகிறது. சட்டத்தின் கண்ணில் சின்னது என்பதற்கும் அளவுண்டு. எவ்.எம். நிலையங்களில் 50 வாற்று வரை வலுவுடையவை குறைவலு நிலையங்கள். 10 வாற்று வரையானவை மிகக் குறைவலு நிலையங்கள். 50 வாற்று என்பது பழைய மின்குமிழ் ஒன்றின் வலு. அந்த அளவு வலுவை உயரமான அன்ரனாவில் ஏற்றினால் ஒரு நகர்ப்பகுதி முழுவதும் கேட்கும். ஆகவே இவை இரண்டுக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயம். அவ்வாறு பெற்றாலும் இவை பாதுகாப்பற்ற நிலையங்களே. நாளை பெரிய நிலையமொன்று அந்த இடத்துக்கு வந்தால், சிறியது வேறிடம் தேடவேண்டும்; கிடைக்காவிடின் வாய் மூடவேண்டும்.

அனுமதிப்பத்திரம் வேண்டாத கருவி ஒன்றும் உண்டு. குறைவலு அறிவித்தல் ஒலிபரப்பி என அதனை அமைச்சு அழைக்கிறது. விற்பனைக்குள்ள வீட்டின் விபரத்தை வீதியில் நிற்கும் காருக்குச் சொல்வது, வாகனத்தில் இருந்தபடி பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கின் ஒலியைக் காருக்குள் தருவது, உல்லாசப் பயணிகளுக்குத் தகவல் வழங்குவது போன்ற தேவைகளுக்காக ஏற்பட்டது அது. எவ்.எம். வெளியில் 88 முதல் 107.5 மெகாஹேர்ட்ஸ் வரை அதனை இயக்கலாம். கருவியிலிருந்து 30 மீற்றர் தூரத்தில் அளக்கும்போது அதன் அலைப்புல வலிமை மீற்றருக்கு 100 மைக்ரோவோல்ற்றை மிஞ்சக்கூடாது. கருவியும் இத்தரத்துக்கு அமைந்ததெனச் சான்று பெற்றிருக்கவேண்டும். எளிய மொழியிற் கூறினால், கட்டடமும் அதன் வாகனத் தரிப்பிடமும் அவற்றை அடுத்த சிறு சுற்றாடலும் கேட்கலாம். மறு தெருவுக்கு எட்டவேண்டும் என்று ஆசைப்பட்டால் அது விதிமீறலாகிவிடும்.

அயலிலுள்ள அமெரிக்காவில் அனுமதியற்ற எவ்.எம். கருவிக்கு எல்லை, 3 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு 250 மைக்ரோவோல்ற். தூரத்தைச் சமப்படுத்திப் பார்த்தால் கனடிய எல்லை அதைவிட நான்கு மடங்கு தாராளமானது. ஆயினும் இணையத்தில் 5 வாற்று, 7 வாற்று, 15 வாற்று என்று விளம்பரப்படுத்தப்படும் பெட்டிகள் இவ்விரு எல்லைகளையும் பன்மடங்கு தாண்டியவை. ஒரு பொருள் கடையில் விற்கப்படுவதால் அதைப் பயன்படுத்துவதும் சட்டபூர்வமானது என்று கொள்ளக்கூடாது. அந்தத் தம்பியின் பெட்டியைப் புரட்டிப் பார்த்தோம். 7 வாற்று என்று அச்சிட்டிருந்தது. கனடிய அமைச்சின் சான்றிலக்கம் எதுவும் காணப்படவில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கருவிக்கான விலக்கு வேறு. நிகழ்ச்சிக்கான விலக்கு வேறு. முன்னையதை அமைச்சு தருகிறது. பின்னையதை ஆணைக்குழு தருகிறது. அளவோடு அமைந்த கருவியை வைத்திருப்பவரும், தாம் ஒலிபரப்பப்போவது ஆணைக்குழுவின் விலக்கு ஆணைகளுள் அடங்குமா என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. பதிலைக் கோப்பில் வைத்திருங்கள்.

தண்டனை சிறியதன்று

வானொலித் தொடர்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கருவியை இயக்கும் தனியாளுக்கு 5,000 டொலர் வரை தண்டமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கம்பனியாயின் தண்டம் 25,000 டொலர் வரை. 2014இல் செய்யப்பட்ட திருத்தத்தால், நீதிமன்றம் செல்லாமலே அமைச்சு அறவிடக்கூடிய நிர்வாகத் தண்டப்பணமும் சேர்ந்தது. தனியாளுக்கு முதன்முறை 25,000 டொலர் வரை அது செல்லலாம். 1991ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டமோ, இயற்றப்பட்டபோதே, அனுமதியின்றி நிலையம் நடத்தும் தனியாளுக்கு ஒவ்வொரு நாளுக்கும் 20,000 டொலர் வரை தண்டம் விதிக்க இடமளித்தது.

இவை உச்ச அளவுகள். எல்லோருக்கும் இவ்வளவு விதிக்கப்படுமென்பதல்ல. ஆனால் குடிவரவுக் கோப்பு இன்னும் மூடப்படாத குடும்பங்களுக்குத் தண்டப்பணத்தைவிடக் குற்றப் பதிவே பெருஞ்சுமையாகக்கூடும்.

எல்லை தாண்டித் தப்பலாமென எண்ணியவர்களும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பஞ்சாபி மொழியில் ஒலிபரப்பிய சில நிலையங்கள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கோபுரங்களை வாடகைக்கு எடுத்து, கனடிய அனுமதியின்றிக் கனடிய நேயர்களுக்கே நிகழ்ச்சி நடத்தின. 2014இல் ஆணைக்குழு அவற்றை விசாரணைக்கு அழைத்தது. அவை அவ்வழியைக் கைவிட நேர்ந்தது. கோபுரம் எங்கே நின்றாலும் நிலையம் யாருக்காக, எங்கிருந்து நடத்தப்படுகிறது என்பதையே ஆணைக்குழு பார்த்தது.

எம்மவர் நடந்த வழி

ரொறன்ரோவில் தமிழ் வானொலி இன்று இயல்பான விடயம். ஆனால் அது ஒரே நாளில் வந்ததன்று. ஜோனி லொம்பார்டி என்ற இத்தாலியக் கனடியர் 1966இல் தொடங்கிய சின் வானொலி, குடியேறியோர் மொழிகளுக்கு இந்நகரில் வழி திறந்தது. ஆணைக்குழு 1985இல் பல்லின ஒலிபரப்புக் கொள்கையொன்றை வகுத்து, 1999இல் அதைப் புதுப்பித்தது.

இடமில்லாத எவ்.எம். வெளியில் எம்மவர் கண்ட வழி விசித்திரமானது. ஓர் எவ்.எம். நிலையத்தின் அலையோடு, சாதாரண வானொலிக்குக் கேளாத துணையலை ஒன்றையும் அனுப்பலாம். வாகனத்தின் பின்னே பூட்டிய இழுவைப் பெட்டி போன்றது அது. அதைப் பிரித்தெடுக்க விசேட வானொலிப் பெட்டி வேண்டும். கனடியத் தமிழ் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கீதவாணி போன்ற தமிழ் வானொலிகள் அவ்வழியில்தான் எமது சமையலறைகளுக்குள் வந்தன. அப்பெட்டி இல்லாத தமிழ் வீடு குறைவு என்று சொல்லத்தக்க காலம் ஒன்றிருந்தது. அங்கும் சட்டம் இருந்தது. துணையலையிற் போவதற்கும் தாய்நிலையமே ஆணைக்குழுவுக்குப் பொறுப்பு.

பின்னர் 2003இல் சி.எம்.ஆர். 101.3 பல்லின வானொலிக்கு அனுமதி கிடைத்து, 2004இல் அது ஒலிக்கத் தொடங்கியது. விசேட பெட்டியின்றிச் சாதாரண வானொலியிலேயே தமிழைக் கேட்கும் நிலை வந்தது. 2014இல் ஸ்காபரோவுக்கென 102.7இல் ஈஸ்ற் எவ்.எம். அனுமதி பெற்றது. இவற்றுக்குப் பின்னே விண்ணப்பங்கள், பொறியியல் அறிக்கைகள், பகிரங்க விசாரணைகள், நீண்ட காத்திருப்பு ஆகியன இருந்தன. ஒருவர் ஒளித்துவைத்து இயக்கும் பெட்டி பிடிபட்டால், அவ்வழியே முறைப்படி நடந்தவர்களின் பெயருக்கும் இழுக்கு வரும்.

பொழுதுபோக்காளருக்குள்ள நேர்வழி

"அப்படியென்றால் ஆர்வமுள்ள பிள்ளை கருவியைத் தொடவே கூடாதா?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். அவ்வாறன்று. வானொலியே பொழுதுபோக்காளரின் கையிற் பிறந்தது. இலங்கையில் 1923இல் எட்வேட் ஹாப்பர் என்பவர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக்கொண்டு தந்தி அலுவலகத்துப் பொறியியலாளர் அமைத்த கருவியில் இசைத்தட்டு ஒலிபரப்பிப் பார்த்தார். 1925இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. நாம் பின்னர் கேட்டு வளர்ந்த இலங்கை வானொலியின் தொட்டில் அதுவே.

ஒன்ராறியோவிலும் இதையொத்த கதை உண்டு. 1921இல் நியூமார்க்கற்றில் இருந்து, சிறு வலுவில் அத்திலாந்திக் கடலைத் தாண்டி ஸ்கொட்லாந்துக்குச் சைகை அனுப்பிய இளம் பொழுதுபோக்காளர் ரெட் றொஜேர்ஸ். அவர் 1925இல் பற்றரி வேண்டாத, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியை உருவாக்கினார். 1927இல் ரொறன்ரோவில் சி.எவ்.ஆர்.பி. நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து நாம் பற்றரியுமின்றி, மின்சாரமுமின்றி டைனமோவைச் சுழற்றிக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

அவ்வார்வத்துக்குரிய முறையான வழி இன்று அமெச்சூர் வானொலிச் சான்றிதழ். அடிப்படைப் பரீட்சையில் 100 வினாக்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரியவேண்டும். 70 புள்ளி பெற்றால் சித்தி; 80 பெற்றால் திறமைச் சித்தியும் கூடுதல் அலைவரிசைகளும். வயதெல்லை இல்லை. எந்த நாட்டவரும் தோற்றலாம். கனடிய முகவரி இருந்தாற் போதும். 2000ஆம் ஆண்டு முதல் வருடாந்தக் கட்டணமும் இல்லை. குடியுரிமை வரும்வரை காத்திராமல் எமது பிள்ளைகள் நுழையக்கூடிய வாசல் இது.

ஆனால் அதற்கும் வேலியுண்டு. அமெச்சூர் என்பவர் இன்னோர் அமெச்சூருடன் பேசலாம், ஊருக்கு ஒலிபரப்பலாகாது. பாட்டுப் போடலாகாது, பணம் பெறலாகாது. இதனாற் பயன் என்ன என்று கேட்பவருக்கு ஒரு செய்தி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் பெண்மணி தமது குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அத்தீவுகளிலிருந்து அவரது கருவி உறவினருக்குச் செய்தி சேர்த்தது. உரிய அனுமதியுடன் பயின்ற கை ஆபத்தில் எவ்வளவு உதவும் என்பதற்கு அது சான்று.

பொழுதுபோக்கு ஒலிபரப்பையே முறைப்படி அனுமதிக்கும் நாடும் உண்டு. நியூசிலாந்தில் எவ்.எம். வெளியின் இரு ஓரங்களிலும் சிறு பகுதிகளை ஒதுக்கி, 1 வாற்று வரை எவரும் தனி விண்ணப்பமின்றி ஒலிபரப்ப இடம் கொடுத்துள்ளனர். மணிக்கு ஒருமுறை தொடர்பு விபரம் சொல்லவேண்டும். பெரிய நிலையங்களுக்கு இடையூறு செய்யக்கூடாது. கனடாவிலும் அவ்வாறு வேண்டுமென விரும்புவோர் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பொதுமக்களின் கருத்தை அது கேட்பது வழக்கம். எமது கடிதமும் அக்கோப்பிற் சேரட்டும்.

இணைய வழியும் இன்று உண்டு. இணையவழி வானொலிக்கு அலைவரிசை அனுமதி தேவையில்லை. 2023இன் புதிய விதிகளில் ஆணைக்குழுவிடம் பதிவுசெய்யும் கடப்பாடும் ஆண்டு வருமானம் 1 கோடி டொலருக்கு மேற்பட்ட பெரிய சேவைகளுக்கே உரியது. ஆயினும் பாடல்களுக்கான உரிமைக் கட்டணம் வேறு விடயம்; அதைக் கவனியாது விடலாகாது.

முடிவாக

ஒரு கிழமை கழித்து அந்தத் தம்பி மீண்டும் வந்தார். அறிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். விமான அலை பற்றிக் கூறியபோது முகம் மாறிற்று. "அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்புறன் மாஸ்ரர்" என்றார். அதன்பின் இருவரும் கட்டடத்தின் பொதுமண்டபத்தில் முதியோருக்கென ஓர் ஏற்பாடு செய்தோம். ஞாயிறு மாலைகளில் ஒரு சிறு ஒலிபெருக்கி; அவர் இணையத்தில் இருந்து செய்தி எடுத்து வாசிப்பார். அதற்கு எவருடைய அலைவரிசையும் தேவைப்படவில்லை. தனித்திருந்த அம்மம்மாமார் அறையை விட்டு வெளியே வருகின்றனர் என்பது நாம் எதிர்பாராத பயன்.

மின்தடை மீண்டும் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. அதற்காக அவர் அமெச்சூர் பரீட்சைக்குப் படிக்கிறார். வினாத்தொகுதி ஆங்கிலத்தில் உள்ளது. மின்னோட்டம், தடை, வலு என ஊரில் நாம் தமிழிற் படித்த சொற்களை நான் சொல்ல, அவர் ஆங்கிலத்தோடு பொருத்திக்கொள்கிறார். இவ்வாறு படிக்க விரும்பும் வேறு பிள்ளைகள் எமது கட்டடத்தில் இருந்தால், செவ்வாய் மாலைகளில் அதே மண்டபத்துக்கு வரலாம். கொப்பியும் பேனையும் கொண்டுவந்தாற் போதும். கருவி எதுவும் கொண்டுவர வேண்டாம்.